யாருக்காக நடக்கிறீர்கள்?

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தைப்பூசம் நெருங்கும்போது திண்டுக்கல் சாலையில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். பச்சை வேட்டியும் காவடியுமாக ஊரே நடந்துபோவது போல இருக்கும். ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணிச் சாலையிலும் அப்படித்தான். வழியில் இருக்கும் வீட்டுக்காரர்கள் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். "எதற்காக நடக்கிறீர்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. வேண்டுதல் இருக்கும், அது அவரவர்க்கும் ஆண்டவனுக்கும் தெரிந்த ரகசியம்.

நடப்பதற்கு முன்பே "யாருக்காக நடக்கிறாய்?" என்று கேட்டு, பதிலைக் காகிதத்தில் எழுதி முதுகில் ஒட்டி அனுப்புகிற தேசம் ஒன்று உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா? நானும் நம்பவில்லை. என் முதுகில் ஒட்டிய பிறகுதான் நம்பினேன்.

சென்ற ஆகஸ்டில் கனடாவில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். டொரான்டோ நகரின் கிழக்குப் பக்கத்தில் ஸ்கார்பரோ என்று ஒரு பகுதி. அங்கே தமிழுக்குப் பஞ்சம் இல்லை. முருங்கைக்காய் கிடைக்கும், இடியப்பம் கிடைக்கும், யாழ்ப்பாணத்துத் தமிழ் காது நிறையக் கிடைக்கும். ஊரை விட்டு வந்ததாகவே முதல் வாரம் தோன்றவில்லை.

இரண்டாம் வாரம் என் பேரன் ஒரு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒன்பது வயது. "பாட்டி, கையெழுத்துப் போடு, காசு கொடு" என்றான். செப்டம்பரில் ஒரு நடை நடக்கப் போகிறதாம். அதில் இவன் நடப்பானாம். இவன் நடப்பதற்காக அக்கம்பக்கத்தார் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்க வேண்டுமாம். என்னிடம் வாங்கியதோடு விடாமல், தாயாரைக் கூட்டிக்கொண்டு தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டப் புறப்பட்டான்.

எனக்கு உடம்பு கூசிவிட்டது. "ஏண்டி, நம் வீட்டுப் பிள்ளை வாசல் வாசலாகப் போய்க் காசு கேட்பதா? மொத்தமாக நாமே கொடுத்துவிட்டால் என்ன? நடப்பானேன்?" என்று மகளைக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். நான் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வீட்டுக் கிழவர் மகா சிடுமூஞ்சி; இலை விழுந்தால்கூடச் சண்டைக்கு வருகிற ஆசாமி. அவர் காகிதத்தை வாங்கி வெகு நேரம் படித்தார். உள்ளே போனார். இருபது டாலர் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குனிந்து பையனிடம் ஏதோ சொன்னார். திரும்பி வந்ததும், "அவருடைய மனைவி இந்த வியாதியில்தான் போனார்களாம். அவர்கள் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்" என்றாள் மகள். ஐந்து வருஷமாக அடுத்தடுத்து வசிக்கிறார்கள்; இப்படி ஒரு மனைவி இருந்ததே இவர்களுக்கு அன்றுதான் தெரியும்.

"இந்த நடையை ஆரம்பித்தவன் யார் தெரியுமா, பாட்டி?" என்று பையன் ஒரு டாலர் நாணயம் ஒன்றை எடுத்துக் காட்டினான். 2005-ம் ஆண்டு அடித்த நாணயம். சுருட்டை முடி, அரை நிஜார், ஒரு வாலிபன் ஓடுகிறான். உற்றுப் பார்த்தால் ஒரு கால் நிஜக் கால் இல்லை.

அவன் பெயர் டெர்ரி ஃபாக்ஸ். அவன் ஓடி நின்ற இடத்தைப் பார்க்காமல் பாட்டியை ஊருக்கு அனுப்புவதில்லை என்று பேரன் தீர்மானித்துவிட்டான். மாப்பிள்ளை ஒரு வாரம் லீவு போட்டார். பள்ளிக்கூடம் திறக்குமுன் காரில் புறப்பட்டோம்.

அந்த இடம் தண்டர் பே என்னும் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. டொரான்டோவிலிருந்து ஏறக்குறைய 1,400 கிலோ மீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை போய் மறுபடி திரும்பி வருகிற தூரம்! இத்தனை தூரம் ஓட்டியும் நாங்கள் ஒன்டாரியோ மாகாணத்தை விட்டு வெளியே போகவில்லை. அந்தத் தேசத்தின் அளவு அப்படி.

வழியெல்லாம் மகள் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். டெர்ரி 1958-ல் பிறந்தவன். மேற்குக் கரையில் வான்கூவருக்குப் பக்கத்து ஊரில் வளர்ந்தவன். கூடைப்பந்து ஆடுவதில் பித்து. பதினெட்டு வயதில் வலது முழங்காலில் வலி வந்தது. விளையாட்டில் பட்ட அடி என்று நினைத்திருந்தான். எலும்பில் புற்றுநோய். 1977 மார்ச்சில் முழங்காலுக்கு மேலேயே காலை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்திய இரவு அவனுடைய பயிற்சியாளர் ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தாராம். ஒற்றைக் காலோடு நியூயார்க் மாரத்தான் ஓடிய ஒருவரைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது.

அப்புறம் பதினாறு மாதம் மருந்து. தலைமுடி போயிற்று. ஆஸ்பத்திரியில் தன்னைவிடச் சின்னஞ்சிறு குழந்தைகள் படுகிற பாட்டைப் பார்த்தான். இந்த நோய் வந்தவர்களில் சில ஆண்டுகளுக்கு முன் நூற்றுக்குப் பதினைந்து பேர்தான் பிழைத்தார்கள், இப்போது ஐம்பது பேர் பிழைக்கலாம், காரணம் ஆராய்ச்சி என்று டாக்டர்கள் அவனிடம் சொன்னார்கள். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் உள்ள வித்தியாசம் பணம் என்பது அவன் மனசில் தைத்துவிட்டது. பொய்க்காலோடு கனடாவைக் கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல்வரை ஓடிக் கடப்பது, தினம் 42 கிலோ மீட்டர், வழியில் ஜனங்களிடம் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்பது என்று முடிவு செய்தான்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "பெற்றவள் எப்படி விட்டாள்?"

"எங்கே விட்டாள்? உனக்குப் பைத்தியமா என்று கத்தியிருக்கிறாள். அப்பாதான், 'எப்போது புறப்படுகிறாய்?' என்று கேட்டாராம்."

எல்லா ஊரிலும் அம்மா அம்மாதான், அப்பா அப்பாதான்!

முதல் நாள் 700 கிலோ மீட்டர் ஓட்டி, சூ செயின்ட் மரி என்ற ஊரில் தங்கினோம். மறுநாள் காலையிலிருந்து சுப்பீரியர் ஏரி கூடவே வர ஆரம்பித்தது. ஏரி என்று சொல்லத்தான் வேண்டும். கரையில் நின்றால் மறுகரை தெரியாது. அலை அடிக்கிறது, கப்பல் போகிறது. வாயில் விட்டுப் பார்த்தால்தான் உப்பு இல்லையே என்று ஞாபகம் வரும். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் சிவப்புப் பாறை, நடுவே காடு. மைல் கணக்கில் ஒரு வீடு இல்லை, ஒரு டீக்கடை இல்லை. வாவா என்று ஓர் ஊரில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு வாத்துச் சிலை வைத்திருக்கிறார்கள். இவ்வளவு தூரம் மனிதர் முகத்தைப் பார்க்காமல் வந்தவர்களுக்கு அந்த வாத்தே உறவினர் போலத் தோன்றுகிறது. அதற்கு முன்னால் மூன்று கிலோ மீட்டருக்கு ஒரே ஏற்றம். எங்கள் கார் முனகிக்கொண்டு ஏறியது. இதில்தான் பொய்க்கால்காரன் ஓடி ஏறியிருக்கிறான். இந்த ஏற்றம் உன்னை முறித்துவிடும் என்று எத்தனையோ பேர் முன்கூட்டியே பயமுறுத்தினார்களாம். ஏறி முடித்ததும், இதுதானா அது என்று கேட்டிருக்கிறான்.

அவன் ஓடுகிற விதத்தைப் பழைய படத்தில் பையன் காட்டினான். நல்ல காலால் இரண்டு துள்ளல், பொய்க்காலால் ஒரு எட்டு. தட், தட், டக். அந்த நாளில் பொய்க்கால் நடப்பதற்காகச் செய்தது. அது மடங்கித் திரும்பி வருவதற்குள் நல்ல கால் இரண்டு தடவை துள்ள வேண்டும். தினம் அதிகாலை இருட்டில் எழுந்து இப்படி 42 கிலோ மீட்டர். வெட்டுப்பட்ட இடம் உராய்ந்து ரத்தம் வரும். பின்னால் ஒரு வேன். அதை ஓட்டியவன் கூடப் படித்த சிநேகிதன். நடுவழியில் தம்பியும் வந்து சேர்ந்துகொண்டான்.

1980 ஏப்ரல் 12-ல், நியூபவுண்ட்லாந்து தீவில் செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தில் பொய்க்காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டுப் புறப்பட்டான். கடல்நீரை இரண்டு பெரிய பாட்டில்களில் பிடித்துக்கொண்டான். ஒன்றைத் தானே வைத்துக்கொள்வது, மற்றதைப் பசிபிக் கடலில் ஊற்றுவது என்று திட்டம். காசியிலிருந்து கங்கை கொண்டுவந்து ராமேசுவரத்தில் அபிஷேகம் செய்கிறவர்களின் ஞாபகம் எனக்கு வந்தது. இதை யார் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஆரம்பத்தில் யாரும் கவனிக்கவில்லை. பனியும் எதிர்க்காற்றும்தான் துணை. போர்ட் ஆ பாஸ்க் என்ற சின்ன ஊரில் பத்தாயிரம் ஜனம். பத்தாயிரம் டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். தலைக்கு ஒரு டாலர்! தேசம் முழுவதும் தலைக்கு ஒரு டாலர் கொடுத்தால் என்ன என்று அவன் கேட்க ஆரம்பித்தான். கியூபெக் மாகாணத்தில் அவன் யாரென்றே தெரியாமல் லாரிகள் ஹாரன் அடித்துச் சாலையை விட்டு விரட்டின. ஒன்டாரியோவுக்குள் நுழைந்த பிறகுதான் கதை மாறியது. டொரான்டோவில் நகரசபைச் சதுக்கத்தில் பத்தாயிரம் பேர் கூடினார்கள். அந்த ஒரே நாளில் லட்சம் டாலர் சேர்ந்தது. கம்பெனிக்காரர்கள் தங்கள் சாமானுக்கு விளம்பரம் செய்யச் சொல்லிப் பின்னால் வந்தார்கள். ஒருவருக்கும் பிடி கொடுக்கவில்லை.

மாரத்தான் என்றே ஓர் ஊரைத் தாண்டினோம். தினம் ஒரு மாரத்தான் ஓடியவன் பொருட்டு வைத்த பெயர் என்று நினைத்தேன். இல்லையாம், அது ஒரு காகிதக் கம்பெனியின் பெயர்!

அடுத்து டெர்ரஸ் பே. இங்கே காரை நிறுத்தச் சொன்னேன். இந்த ஊரில் பத்து வயதுப் பையன் ஒருவன் டெர்ரியைப் பார்க்க வந்தான். அவனுக்கும் அதே நோய், அவனுக்கும் ஒரு கால் இல்லை. இருவரும் பக்கத்து ஏரியில் சேர்ந்து நீந்தினார்கள். பிறகு டெர்ரி சாலையில் ஓட, அந்தச் சிறுவன் ஒரு சைக்கிளில் ஏறிப் பின்னாலேயே ஏறக்குறைய பத்துக் கிலோ மீட்டர் மிதித்துக்கொண்டு வந்தான். பிரயாணம் முழுவதிலும் தனக்கு அதிகத் தெம்பு கொடுத்த சம்பவம் அதுதான் என்று டெர்ரி சொல்லியிருக்கிறான். இப்போது அந்தச் சாலையில் விசேஷமாக ஒன்றும் இல்லை. லாரிகள் போகின்றன. ஓரத்தில் ஊதா நிறக் காட்டுப் பூக்கள். நாங்கள் தயிர்சாதம் சாப்பிட்டோம்.

மறுபடி புறப்பட்டதும்தான் மகள் சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னாள். "இங்கே டாக்டரிடம் புதிதாகப் போனால் பெரிய கேள்வித்தாள் கொடுப்பார்கள் அம்மா. குடும்பத்தில் யாருக்காவது கான்சர் உண்டா, எந்த வயதில் வந்தது என்றெல்லாம் கேள்வி. நல்ல வேளை, நம் வீட்டில் அப்படி யாருக்கும் இல்லை என்று எழுதிவிட்டேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஏரியைப் பார்த்தேன்.

வாசகிகளே, உங்களிடம் மறைப்பானேன்? எனக்கு ஓர் அக்கா இருந்தாள். கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்டவள். 1988-ல் அவளுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. வலி இல்லாததை யாரிடம் சொல்லிக்கொள்வது, அதுவும் அந்த இடத்தில் வந்ததை? எட்டு மாதம் ரவிக்கைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். தெரிந்து சென்னைக்கு அழைத்து வந்தபோது நெஞ்சு எலும்புவரை பரவியிருந்தது. நாற்பத்தொரு வயதில் போய்விட்டாள். அவளுக்குப் பதினேழு வயதில் ஒரு பெண். "வெளியே சொன்னால் அந்தப் பெண்ணை யார் கட்டுவார்கள்?" என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். வயிற்றில் கட்டி என்று ஊருக்குச் சொன்னோம். அந்தப் பெண்ணுக்கும் அதையேதான் சொன்னோம். அவளுக்குக் கல்யாணமாகிப் பேரன் பேத்தியும் எடுத்துவிட்டாள். வயிற்றில் கட்டி வயிற்றில் கட்டியாகவே நின்றுவிட்டது. என் சொந்த மகளுக்கும் நான் வேறு சொன்னதில்லை.

சாயந்தரம் தண்டர் பேக்கு முன்னால் அந்த இடம் வந்தது. நிபிகான் ஊரிலிருந்து 83 கிலோ மீட்டர் சாலைக்கே டெர்ரியின் பெயரை வைத்திருக்கிறார்கள். மேட்டின் மேல் ஒன்பது அடி உயர வெண்கலச் சிலை. அடியில் கருங்கல்லும், அந்த வட்டாரத்தில் கிடைக்கும் செவ்வந்திக் கல்லும் வைத்துக் கட்டிய பீடம். கீழே ஏரி, ஏரிக்குள் நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறது ஒரு மலை. நம் ஊர்க்காரர் யார் பார்த்தாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: ரங்கநாதர்! தலை, மார்பு, நீட்டிய கால் எல்லாம் அப்படியே. அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்கள் அவரை நானபிஜு என்கிறார்கள். வெள்ளைக்காரர்களுக்கு அவர் தூங்கும் ராட்சதர்.

சிலை மேற்கு முகமாக நிற்கிறது. ஓடாமல் மிச்சம் வைத்த திசை அது.

1980 செப்டம்பர் முதல் தேதி. 143-வது நாள். இருமலும் நெஞ்சில் வலியும். சாலையோரத்தில் ஜனங்கள் நின்று கைதட்டிக்கொண்டிருந்ததால் அவர்கள் எதிரில் நிற்கக் கூடாது என்று மேலும் ஓடினான். ஆட்கள் இல்லாத இடம் வந்ததும் வேனில் ஏறி, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். நோய் இரண்டு நுரையீரலுக்கும் பரவியிருந்தது. அதுவரை ஓடியது 5,373 கிலோ மீட்டர். சேர்ந்த பணம் 17 லட்சம் டாலர். அவன் கேட்டதற்கு அது எந்த மூலை?

ஓட்டம் நின்ற பிறகுதான் தேசம் விழித்துக்கொண்டது. எட்டு நாளைக்குள் ஒரு டெலிவிஷன் கம்பெனி நிதி நிகழ்ச்சி நடத்தி, ஐந்து மணி நேரத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் சேர்த்தது. 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 41 லட்சத்து 70 ஆயிரம் டாலர். கனடாவின் ஜனத்தொகையும் அவ்வளவுதான். தலைக்கு ஒரு டாலர்! அதை அவன் உயிரோடு இருந்து பார்த்தான். அந்த ஜூன் மாதம் 28-ந் தேதி கண்ணை மூடினான். இருபத்திரண்டு வயது.

"அந்தப் பாட்டில் தண்ணீர் என்ன ஆச்சு, பாட்டி?" என்று பேரன் கேட்டான். பாட்டிக்கு எப்படித் தெரியும்? சிலையின் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அந்தத் தாயாரை நினைத்துக்கொண்டிருந்தேன். பைத்தியமா என்று கேட்டவள் பெட்டி ஃபாக்ஸ். மேடை ஏறிப் பழக்கமில்லாத அந்த அம்மாள், பிள்ளை போன பிறகு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் அவன் கதையைச் சொன்னாள். முப்பது வருஷம். 2010-ல் வான்கூவரில் ஒலிம்பிக் நடந்தபோது கொடியைப் பிடித்து வந்த எட்டுப் பேரில் அவளும் ஒருத்தி. மறு ஆண்டு காலமானாள். அவன் பெயரில் நடக்கும் நடையில் போட்டி கூடாது, பரிசு கூடாது, கம்பெனி விளம்பரம் கூடாது, நுழைவுக் கட்டணம் கூடாது என்பதில் அந்தக் குடும்பம் இரும்பாக நின்றது. நம் சென்னையில் ஓட்டப் பந்தயத்துக்குக் கொடுக்கிற பனியன்களைப் பார்த்திருக்கிறீர்களா? முன்னும் பின்னும் பாங்கி பெயரும் எண்ணெய் பெயருமாக, மனிதர் நடமாடும் விளம்பரப் பலகை ஆகிவிடுகிறார்.

செப்டம்பர் மத்தியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் நடை 1981-ல் நடந்தபோது 760-க்கு மேற்பட்ட இடங்களில் மூன்று லட்சம் பேர் நடந்து 35 லட்சம் டாலர் திரட்டினார்கள். இன்றுவரை சேர்ந்தது 80 கோடி டாலருக்கும் மேல். கால் எலும்பில் அதே நோய் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு, நல்ல வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில், இப்போது காலை வெட்டாமலே கட்டியை மட்டும் எடுத்துவிடுகிறார்கள்.

எங்கள் பூங்காவில் காலை ஒன்பது மணிக்கே கூட்டம். ஓடுகிறவர்கள் ஓடலாம், நடக்கிறவர்கள் நடக்கலாம், சைக்கிள் விடலாம், சக்கர நாற்காலியில் வரலாம், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளலாம், நாயையும் கூட்டி வரலாம். யார் முதலில் வந்தார் என்று பார்க்க ஆளே கிடையாது. இதே டொரான்டோவிலிருந்து நயாகரா வரை 200 கிலோ மீட்டருக்கு மேல் இரண்டு நாள் சைக்கிள் விட்டு, நகரத்துப் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நிதி சேர்க்கும் பிரயாணம் ஒன்றும் 2008 முதல் நடந்து வருகிறது. அதில் சேர வேண்டுமானால் இரண்டாயிரம் டாலருக்கு மேல் திரட்டித் தர வேண்டும். கோடி கோடியாகச் சேர்கிறதாம், சேரட்டும். என் போன்ற முழங்கால்வலிக்காரிக்கு இந்தப் பூங்காதான் சரி. ஒரு காசு கொடுக்காவிட்டாலும் நடக்க விடுகிறார்கள்.

மேஜையில் ஒரு பெண் ஒட்டுக் காகிதங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான் யாருக்காக" என்று அச்சடித்து, கீழே காலி இடம். பேரன் விறுவிறுவென்று அடுத்த வீட்டுக் கிழவரின் மனைவி பெயரை எழுதிக்கொண்டான். மகள் தன் ஆபீஸ் தோழி பெயரை எழுதினாள். "பாட்டி, உனக்கு?" என்று பேனாவை நீட்டினான்.

சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் சரித்திரத்தை நம்மில் பலரும் படித்திருக்கிறோம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தை மறக்காமல், இந்திய மாதர் சங்கத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வீடு வீடாக நிதி கேட்டு, 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாற்றில் ஆஸ்பத்திரி தொடங்கினாரே! அந்த அக்கா தங்கைக்காக ஓர் ஆஸ்பத்திரியே கட்டினாள். இந்தத் தங்கை அக்காவுக்காக வாயைக்கூடத் திறக்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் இந்த டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டம் பல ஆண்டு நடந்திருக்கிறதாம். பஸ்ஸில் அந்த வாசலைத் தாண்டாத வாரம் இல்லை, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கடல் தாண்ட வேண்டியிருந்தது.

பேனாவை வாங்கி, தமிழில், 'என் அக்கா' என்று எழுதினேன். மகளுக்கு ஆச்சரியம். கேட்கவில்லை, என் முதுகில் ஒட்டிவிட்டாள். நடக்க ஆரம்பித்தோம்.

ஐந்து கிலோ மீட்டர். மேப்பிள் மரங்களில் ஒன்றிரண்டு கிளை மட்டும் சிவக்கத் தொடங்கியிருந்தது. முன்னால் போகிறவர்களின் முதுகெல்லாம் பெயர்கள். அம்மா, தாத்தா, 'என் ஆசிரியை', 'என் மகன், ஆறு வயது', 'நான்'. படித்துக்கொண்டே நடந்தால் முழங்கால் ஞாபகம் வருவதில்லை. 'நான்' என்று எழுதியிருந்த அம்மாள் தலையில் பூப்போட்ட துணி கட்டிக்கொண்டு, பக்கத்தில் வந்தவரிடம் ஏதோ சமையலைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டு போனாள்.

பின்னாலிருந்து ஒரு குரல். "அக்கா, கொஞ்சம் நில்லுங்கோ. தமிழில எழுதியிருக்கிறியள்."

என் வயதுதான் இருக்கும். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை. முதுகைத் திருப்பிக் காட்டினாள். 'எங்கட அம்மா' என்று தமிழிலேயே எழுதியிருந்தது. சேர்ந்து நடந்தோம்.

"உங்கட அக்காவுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டாள்.

யாழ்ப்பாணத்தில் வியாதியை வருத்தம் என்றுதான் சொல்வார்கள். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் இவ்வளவு சரியான வார்த்தையில் கேட்டதில்லை. வயிற்றில் கட்டி என்று சொல்ல வாய் தானாகவே திறந்தது. பழக்கம். மகள் இரண்டடி தள்ளி வந்துகொண்டிருந்தாள்.

"புற்றுநோய்" என்றேன். "மார்பில்."

"எங்கட அம்மாவுக்கும் அதுதான்" என்றாள் அந்த அம்மாள்.

மகள் நின்றுவிட்டாள். பின்னால் வந்த தள்ளுவண்டிக்காரர் ஒதுங்கிப் போனார். அவள் கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பெரியம்மாவுக்கு அப்போது எத்தனை வயசும்மா?"

"நாற்பத்தொன்று."

"வருகிற தையில் எனக்கு நாற்பது" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். மிச்சம் மூன்று கிலோ மீட்டரும் எட்டு மாதக் கதையையும் கேள்வி கேட்டுக் கேட்டு வாங்கிவிட்டாள். யாழ்ப்பாணத்து அம்மாளும் கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் எல்லோருக்கும் ஆளுக்கோர் ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்கள். அன்றைக்குப் பேரன் திரட்டியது 186 டாலர்.

திங்கட்கிழமை முதல் வேலையாக டாக்டருக்குப் போன் செய்து கேள்வித்தாளைத் திருத்த வேண்டும் என்று மகள் காலண்டரில் எழுதி வைத்தாள். எனக்குத் திங்கட்கிழமைவரை பொறுக்கவில்லை. ஞாயிறு இரவு எட்டு மணிக்குக் கும்பகோணத்துக்குப் போன் செய்தேன். அங்கே விடியற்காலை ஐந்தரை. வெகு நேரம் மணி அடித்தது.

"என்ன சித்தி, இந்த நேரத்தில்?" என்றாள் அக்காவின் பெண்.